கீழாநெல்லியும் ஹெபடைடிஸ் பி-யும்: பாதியில் நின்ற ஓர் ஆராய்ச்சி

மழை பெய்து பத்து நாள் ஆனால் போதும், எங்கள் அத்தை வீட்டுக் கிணற்றடி முழுக்கக் கீழாநெல்லி முளைத்துவிடும். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எனக்கும் அத்தை மகனுக்கும் ஒரே வாரத்தில் மஞ்சள் காமாலை வந்தது. திருவிழாவில் இருவரும் குடித்த பானகம் காரணமாக இருந்திருக்கலாம். அத்தை தினமும் விடியற்காலையில் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுவேன். அவனுக்கு அந்தக் கசப்பு ஒத்துக்கொள்ளவே இல்லை. வாயில் வைத்ததுமே வாந்தி. மூன்றாம் நாளோடு அத்தை அவனை விட்டுவிட்டார். மூன்று வாரத்தில் எனக்குக் கண் வெளுத்தது. அவனுக்கும் அதே வாரத்தில் வெளுத்தது.

ஊரில் என் கதை மட்டும்தான் நின்றது. "கீழாநெல்லி கொடுத்தோம், சரியாப் போச்சு" என்பார்கள். மருந்து சாப்பிடாமலே சரியானவனைப் பற்றி யாரும் பேசவில்லை. மூலிகைகள் பற்றிய ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம்தான் வருகிறது. ஒரு மருந்து வேலை செய்ததா என்று தெரிய, அதைச் சாப்பிட்டவனைப் பார்த்தால் மட்டும் போதாது. சாப்பிடாதவனுக்கு என்ன ஆயிற்று என்றும் பார்க்க வேண்டும்.

மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் இல்லை, அறிகுறியின் பெயர். ஆயுள் முடிந்த சிவப்பணுக்கள் உடையும்போது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. கல்லீரல் அதை ரத்தத்திலிருந்து எடுத்துப் பித்தத்தோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பிவிடும். ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்கிற பிலிரூபின் 2, 3 என்று ஏறும்போது கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாகத் தெரியத் தொடங்கும். அது ஏறுவதற்குக் காரணங்கள் பல. அசுத்தமான தண்ணீரில் வரும் ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸ்கள் ஒரு பக்கம். ரத்தம் வழியாகப் பரவும் பி, சி வைரஸ்கள் இன்னொரு பக்கம். எலிக்காய்ச்சலிலும் வரும், குடியாலும் வரும். பித்தக்குழாயில் கல் அடைத்தால் வரும். கணையத்தில் புற்றுநோய் வந்து பித்தம் போகும் வழியை நெருக்கினாலும் வரும். பிறந்த குழந்தைக்கு வருவது முற்றிலும் வேறு கதை. இத்தனைக்கும் நம் ஊரில் ஒரே பெயர், ஒரே மருந்து.

இதில் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில், உடம்பே வைரஸை வெளியேற்றிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் காமாலையில் பெரும் பகுதி இதுதான். அதனால் எந்த ஊரில் எந்த வைத்தியர் எதைக் கொடுத்தாலும் அது பலித்தது போலவே தெரியும். பச்சிலை கொடுத்தவருக்கும் பேர், கண்ணில் சாறு விட்டவருக்கும் பேர், கையில் சூடு போட்டவருக்கும் பேர். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். நோயின் இயல்பே எல்லோரையும் அப்படி நம்ப வைக்கிறது.

அப்படியென்றால் கீழாநெல்லியின் திறமையைச் சோதிக்கத் தானாக ஆறாத ஒரு நோய் வேண்டும். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி அப்படிப்பட்டது. பெரியவர்களுக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே அது நிரந்தரமாகத் தங்கும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினாலோ நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தங்கிவிடும். தங்கிய வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் மரபணுவின் நகலை ஒரு வளையமாகச் சுருட்டி வைத்துக்கொள்கிறது. வெளியே இருப்பதை அழித்தாலும் அந்த வளையத்திலிருந்து மறுபடி உற்பத்தியாகும். இருபது, முப்பது வருடம் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துவிட்டுக் கல்லீரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-ல் 25.4 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்ந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 11 லட்சம் பேர் இதனால் இறந்தார்கள்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ்' என்று எழுதியிருப்பது இந்த வைரஸின் மேலுறைப் புரதத்தைத்தான். 1960-களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் அதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் பரூக் பிளம்பர்க். அதற்காக 1976-ல் நோபல் பரிசு பெற்றார். நாள்பட்ட நோயாளியின் ரத்தத்திலிருந்து இந்தப் புரதம் தானாக மறைவது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் நடக்கும். ஒரு மருந்து கொடுத்து அது கணிசமானவர்களுக்கு மறைந்தால், 'சும்மாவே சரியாகியிருக்கும்' என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தச் சோதனையைச் செய்தது சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் ஆய்வு செய்துகொண்டிருந்த எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் பிளம்பர்க்கோடு சேர்ந்து வேலை செய்தார்கள். பின்னாளில் தியாகராஜன் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். முதலில் 1987-ல், பிளம்பர்க் வேலை பார்த்த அமெரிக்க நகரமான பிலடெல்பியாவிலிருந்து ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. பி.எஸ். வெங்கடேஸ்வரன், இர்விங் மில்மேன், பிளம்பர்க் மூவரும் எழுதியது. கீழாநெல்லியின் நீர்ச்சாறு, வைரஸ் பெருகத் தேவையான நொதியைச் சோதனைக்குழாயில் தடுத்தது. வுட்சக் என்ற வட அமெரிக்கக் கொறிவிலங்குக்கு ஹெபடைடிஸ் பி-யின் நெருங்கிய உறவான ஒரு வைரஸ் வரும். புதிதாகத் தொற்றிய நான்கு வுட்சக்குகளின் வயிற்றுக்குள் சாற்றை ஊசியாகச் செலுத்தியதில் மூன்றின் ரத்தத்திலிருந்து வைரஸின் தடயங்கள் மறைந்தன. வெகுநாளாக வைரஸோடு இருந்த விலங்குகளில் அளவு குறைந்தது, அவ்வளவுதான். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

அடுத்த வருடம், 1988-ல், சென்னை ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. நிழலில் உலர்த்திய மூலிகையைப் பொடித்து, 200 மில்லிகிராம் கேப்சூலாகத் தினமும் மூன்று வேளை, 30 நாட்கள் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத போலிக் கேப்சூல். சிகிச்சை முடிந்து 15 முதல் 20 நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, மூலிகை சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அந்த மேலுறைப் புரதம் காணவில்லை. நூற்றுக்கு 59. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்திருந்தது. சிலரை ஒன்பது மாதம் வரை கவனித்தார்கள். மறைந்தது யாருக்கும் திரும்பவில்லை. பக்கவிளைவு என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை.

இன்றைக்குப் படித்தாலும் உடம்பு சிலிர்க்கும் எண்கள் இவை. அன்று உலகத்தில் எந்த மருந்துக் கம்பெனியிடமும் இப்படிப்பட்ட மருந்து இல்லை. இன்றும் இல்லை. கிணற்றடிச் செடி ஒன்று முப்பதே நாளில் அதைச் செய்கிறது என்றால், அடுத்த வாரமே எல்லா நாட்டிலும் அதைச் செய்து பார்க்கத்தானே செய்வார்கள்? செய்தார்கள். தாய்லாந்தில் செய்தார்கள், 1990-ல் அதே லான்செட்டில் பலன் இல்லை என்று எழுதினார்கள். நெதர்லாந்தில் பலன் இல்லை. நியூசிலாந்தில், 1994-ல், பலன் இல்லை.

ஏன் என்ற கேள்விதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். அதற்குச் சொல்லப்பட்ட முதல் பதில், எல்லோரும் சோதித்தது ஒரே செடியா என்பது. கீழாநெல்லி சேர்ந்த பிலாந்தஸ் என்பது எழுநூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட பெரிய பேரினம். நாம் உப்பு தொட்டுத் தின்கிற நெல்லிக்காயும் அதில் ஓர் இனம்தான். கீழாநெல்லியின் சிறிய காய்கள் இலைக்காம்புக்குக் கீழே வரிசையாகத் தொங்குவதால் அந்தப் பெயர். அதே மாதிரித் தோற்றத்தில் நான்கைந்து செடிகள் உண்டு. 1987-ல் எழுதும்போது செடியை பிலாந்தஸ் நிரூரி என்று குறிப்பிட்டார்கள். நிரூரி உண்மையில் அமெரிக்கக் கண்டத்துச் செடி. சென்னையில் பறித்தது பிலாந்தஸ் அமாரஸ் என்று திருத்திக்கொண்டு 1988-ல் அந்தப் பெயரைப் போட்டார்கள். உலகின் மிகச் சிறந்த ஆய்வகம் ஒன்றிலேயே செடியின் பெயரில் குழப்பம் நேர்ந்திருக்கிறது என்றால், நாட்டு மருந்துக் கடைக்காரரை என்ன சொல்ல? தென்னிந்தியாவின் 25 கடைகளில் கீழாநெல்லி வாங்கி மரபணு முறையில் சோதித்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. முக்கால்வாசிக் கடைகளில் இருந்தது அமாரஸ்தான். மீதி 24 சதவீதக் கடைகளில் வேறு ஐந்து இனங்கள் இருந்தன. சிவப்புக் கீழாநெல்லியும் மேலாநெல்லியும் அவற்றில் சேர்த்தி.

சரியான செடியாகவே இருந்தாலும் அது எங்கே வளர்ந்தது, எந்தப் பருவத்தில் பறித்தது, எப்படி உலர்த்தியது என்பதைப் பொறுத்து அதன் பிலாந்தின் முதலான வேதிப்பொருட்களின் அளவு மாறும். பக்குவமும் மருந்தையே மாற்றிவிடும். சீனாவின் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது நடந்தது இதற்குச் சரியான உதாரணம். கொதிக்க வைத்து எடுத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. பழைய மருத்துவ நூல் ஒன்றில் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. சூடு மருந்தைக் கெடுக்கிறது போலும் என்று புரிந்துகொண்டு, குறைந்த சூட்டில் ஆவியாகும் ஈதரில் சாறு எடுத்தார். 1971-ல் அது பலித்தது. ஆர்ட்டிமிசினின் கிடைத்தது. அவருக்கு 2015-ல் நோபல் பரிசு. அத்தை மோரில் கலந்த பச்சை விழுதும், சென்னையில் கேப்சூலில் அடைத்த உலர்பொடியும், வுட்சக்குக்குப் போட்ட நீர்ச்சாறும் ஒரே மருந்துதான் என்று எடுத்த எடுப்பில் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அப்புறம் நோயாளி. குழந்தையாக இருக்கும்போதே தொற்றியவரின் உடம்பு வைரஸைக் கிட்டத்தட்டத் தன் வீட்டு ஆள் மாதிரி ஏற்றுக்கொண்டிருக்கும். அங்கே எந்த மருந்துக்கும் வேலை கடினம். பெரியவரான பிறகு, அதுவும் சமீபத்தில், தொற்றியவருடைய நிலை வேறு. வுட்சக்குகளில் பார்த்தோமே, அதே வித்தியாசம். தாய்லாந்து போன்ற தென்கிழக்காசிய நாடுகளில் பிரசவத்திலேயே தொற்றுவது அதிகம். சென்னையில் மருந்து சாப்பிட்டவர்களில் புதிதாகத் தொற்றியவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த 59 சதவீதத்தின் அர்த்தமே மாறக்கூடும். அறுபது பேர் கொண்ட சின்ன ஆய்வில் இப்படிப்பட்டவர்கள் ஒரு பக்கத்தில் நாலைந்து பேர் கூடுதலாகச் சேர்ந்துவிட்டாலும் முடிவு சாய்ந்துவிடும்.

இதையெல்லாம் தீர்த்துவைக்கும் நோக்கத்தில்தான் சீனாவில் ஓர் ஆய்வு செய்தார்கள். 1995-ல் வெளியானது. தியாகராஜனே அனுப்பிவைத்த சென்னைச் செடியை 11 பேருக்கும், ஹைனான் தீவில் பறித்து நிரூரி என்று அவர்கள் குறிப்பிட்ட செடியை 42 பேருக்கும், ஹெனான் மாகாணத்தின் யூரினேரியா என்ற இன்னொரு பிலாந்தஸ் இனத்தை 35 பேருக்கும் கொடுத்தார்கள். 35 பேருக்கு எந்த மூலிகையும் இல்லை. வைரஸ் தீவிரமாகப் பெருகுவதைக் காட்டும் இன்னொரு அடையாளமான இ-ஆன்டிஜென், யூரினேரியா சாப்பிட்டவர்களில் கூடுதலான பேருக்கு மறைந்தது. ஆனால் மேலுறைப் புரதம் யாருக்கும் மறையவில்லை. சென்னைச் செடி சாப்பிட்ட பதினோரு பேருக்கும்கூட மறையவில்லை.

'வேறு செடியைச் சோதித்துவிட்டார்கள்' என்ற சமாதானம் இதோடு பாதிக்கு மேல் போய்விட்டது. பதினோரு பேர் என்பது தீர்ப்புச் சொல்லப் போதாத எண்தான். ஆனாலும் உண்மையிலேயே நூற்றுக்கு 59 பேருக்குப் பலிக்கிற மருந்து பதினோரு பேரில் ஒருவருக்காவது பலித்திருக்க வேண்டும். 2011-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழுவினர் 16 ஆய்வுகளை, 1,326 நோயாளிகளின் விவரங்களை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். போலி மருந்தோடு ஒப்பிட்டது அவற்றில் ஒன்றே ஒன்று. அதில் வித்தியாசம் தெரியவில்லை. மற்றவற்றில் வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு கூடுதலாக மூலிகையைக் கொடுத்தபோது சில அளவீடுகளில் நன்மை தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகள் நடத்தப்பட்ட விதத்தை நம்ப முடியவில்லை என்று எழுதினார்கள். நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்குக் கீழாநெல்லி வகைகள் பயன்படும் என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை. அவர்கள் வந்து சேர்ந்த இடம் இது.

சித்த மருத்துவர்கள் இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழுப்புவார்கள். "எல்லாருக்கும் ஒரே பொடியை, ஒரே அளவில், முப்பது நாள் கொடுப்பது எங்கள் மருத்துவமே இல்லை. நாங்கள் நாடி பார்க்கிறோம், நீர்க்குறி, நெய்க்குறி என்று சிறுநீரைச் சோதித்துப் பார்க்கிறோம், பத்தியம் சொல்கிறோம், ஆளுக்கு ஏற்றபடி மருந்தைக் கூட்டிக் குறைக்கிறோம்" என்பார்கள். ஏற்கவேண்டிய வாதம். அதற்கேற்ற ஆய்வு முறையும் இருக்கிறது. ஒரு பாதி நோயாளிகளுக்கு ஆங்கில மருந்து மட்டும், மறு பாதிக்கு அதே மருந்தோடு சித்த மருத்துவர் தன் முறைப்படி தரும் முழுச் சிகிச்சை. யார் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யட்டும். ரத்தம் பரிசோதிப்பவருக்கு அது தெரிய வேண்டாம். ஒருங்கிணைந்த மருத்துவம் என்ற சொல்லை உண்மையான பொருளில் பயன்படுத்த வேண்டுமென்றால் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒரே கட்டடத்தில் இரண்டு அறைகளில் இரண்டு மருத்துவர்கள் உட்கார்ந்திருப்பதால் மட்டும் எதுவும் ஒருங்கிணைந்துவிடாது.

இப்போது ஒரு நோயாளிக்கு உறுதியாகக் கிடைக்கக்கூடியது என்ன? டெனோஃபோவிர், என்டெகாவிர் என்ற மாத்திரைகள். தினம் ஒன்று. வைரஸை அடியோடு வெளியேற்றாது, ஆனால் அதன் பெருக்கத்தை அடக்கி, சுருக்கமும் புற்றுநோயும் வரும் வாய்ப்பை நன்றாகக் குறைக்கும். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மையங்களில் இந்தச் சிகிச்சை இலவசம். அந்தத் தேதி பிளம்பர்க்கின் பிறந்தநாள். உலக ஹெபடைடிஸ் தினமும் அதுவே. தடுப்பூசியைக் கொண்டுவந்ததும் பிளம்பர்க்கும் மில்மேனும் போட்ட வழிதான். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டுவிட்டால், தொற்றுள்ள தாயின் வைரஸ் குழந்தைக்குள் குடியேறாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். இந்த நோயில் மிகப் பெரிய வெற்றி எது என்று கேட்டால் இந்த ஒரு ஊசியைத்தான் சொல்வேன்.

கீழாநெல்லியை நம்பி டெனோஃபோவிரைத் திடீரென நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். "ரெண்டையும் சேர்த்துச் சாப்பிட்டா சூடு" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இந்த மாத்திரையைத் தானாக நிறுத்தினால் அடங்கியிருந்த வைரஸ் சீறிக்கொண்டு எழும். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியவருக்கு அது உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிக்குக் காமாலை வந்தாலும் ஒரு நாள்கூட வீட்டு வைத்தியத்தில் கழிக்கக் கூடாது. கடைசி மாதங்களில் ஹெபடைடிஸ் இ வந்தால் நூறு பேரில் 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரிடும். காமாலையோடு தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம், ஈறிலிருந்து ரத்தம், நிற்காத வாந்தி என்று எது வந்தாலும் நேரே மருத்துவமனைதான்.

'மூலிகைதானே, கெடுதல் என்ன வந்துவிடும்' என்ற பேச்சுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கீழாநெல்லி ஆய்வுகளில் பெரிய கெடுதல் எதுவும் தென்படவில்லை, உண்மை. எல்லா மூலிகையையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று வீட்டுக்கு வீடு சீந்தில்கொடி காய்ச்சிக் குடித்தார்கள். 2021-ல் மும்பை மருத்துவர்கள் அப்படிக் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பற்றி எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அவர்கள் குடித்தது சீந்தில்தானா, அதே தோற்றமுள்ள வேறு கொடியா என்று கேட்டது. பாருங்கள், இங்கேயும் அதே கேள்வி. மருந்து பலிக்காதபோதும் 'எந்தச் செடி', கெடுதல் செய்தபோதும் 'எந்தச் செடி'. இதற்குப் பதில் சொல்ல வேண்டியது நோயாளியா?

அந்த ஆராய்ச்சி பாதியில் நின்றதுதான் எனக்கு வருத்தம். அதை முடிக்கத் தேவையானவை எல்லாம் இன்று நம்மிடமே இருக்கின்றன. செடியின் இனத்தை மரபணுவைக் கொண்டு ஒரு நாளில் உறுதி செய்யலாம். ஒவ்வொரு மூட்டைப் பொடியிலும் பிலாந்தின் எவ்வளவு என்று அளக்கலாம். மேலுறைப் புரதம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்த காலம் போய், அதன் அளவையே எண்ணாகச் சொல்லும் பரிசோதனை வந்துவிட்டது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. பக்கத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரிகளின் கல்லீரல் பிரிவுகள் இருக்கின்றன. டெனோஃபோவிர் சாப்பிடுகிறவர்களில் சில நூறு பேரைச் சேர்த்து, எப்போது தொற்றியது என்பதைப் பொறுத்துப் பிரித்து, பாதிப் பேருக்குக் கூடுதலாகக் கீழாநெல்லி கொடுத்து ஒரு வருடம் கவனித்தால் விடை வந்துவிடும். கிணற்றடிச் செடிக்கு எந்தக் கம்பெனியும் காசு போடாது. அரசுதான் போட வேண்டும். விடை 'இல்லை' என்றே வந்தாலும் அந்தப் பணம் வீணில்லை, ஏனென்றால் அந்தப் பதில் தெரியாமல் வருடக்கணக்கில் பொடி தின்றுகொண்டிருப்பவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

அத்தைக்கு இப்போது எண்பது ஆகப்போகிறது. போன பொங்கலுக்குப் போனபோது இதையெல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ உனக்கு நான் அரைச்சுக் கொடுத்தது வீண்தானா?" என்றார். புதிதாக வந்த வைரஸ் காமாலைக்கும் கேரளத்தில் போலி மருந்து வைத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள், 1999-ல் எழுதினார்கள், மஞ்சள் இருக்கும் நாள் குறிப்பிடும்படி குறையவில்லையாம் என்றேன். கொஞ்ச நேரம் கிணற்றடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, இனிமே செடி கேட்டு வர்றவங்ககிட்ட முதல்ல ரத்தம் எடுத்துப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லிடுறேன்" என்றார்.